பல் டாக்டரின் பிஸ்டல் தோட்டா தின்னாத விவகாரம்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

மச்சினன் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் தங்கை சுகம், பட்டறையும் சுகம். அங்கே நீங்களும் என் அக்காவும் மகளும் மருமகனும் வால் மட்டும் முளைக்காத பேரப்பிள்ளைகளும் அதே அளவு சுகமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் பேசினால் ஒரு நிமிஷ வேலை, இதற்குப் போய்க் காகிதத்தை வீணாக்குகிறீர்களே என்று உங்கள் தங்கை முணுமுணுக்கிறாள். உங்களிடம் போனில் பேசுவது என்ன பாடு என்று கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதா? போன தடவை நான் பட்டறைக்கூரை ஒழுகுவதைப் பற்றித் தொண்டை கிழியச் சொன்னேன். நீங்கள் "சரி சரி, நல்ல இடமா இருந்தா முடிச்சிரு" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனை வைத்தீர்கள். என் அக்காளை நீங்கள் கட்டிக்கொண்டு, பதிலுக்கு உங்கள் தங்கையை என் தலையில் கட்டின நாளிலிருந்து நமக்குள் காகிதம்தான் சரிப்பட்டு வருகிறது.

முதலில் உங்கள் கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மகள் வீட்டு சோபாவில் கண்ணயர்ந்தால், கண் மூடின மாத்திரத்தில் இங்கே பின் தெருவிலுள்ள உங்கள் பழைய வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உங்கள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவும், வீடு முழுக்கக் கிராம்புத் தைல வாசனை அடிப்பதாகவும், கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் 'கரக்' என்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் கேட்டு, பிடரி சில்லிட்டு விழித்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விழித்திருக்கும்போது இடி விழுந்தாலும் கேட்காத காது தூக்கத்தில் மட்டும் எப்படியடா இத்தனை கூர்மையாகிறது என்று என்னையே கேள்வி வேறு. போதாததற்கு, அந்தச் சத்தம் ரொம்பப் பழக்கமான சத்தம், என்னவென்றுதான் பிடிபடவில்லை என்று கடைசியில் ஒரு வரி. அத்தான், வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கி ரிப்பேர் செய்தவருக்குக் கனவில் இரும்புச் சத்தம் கேட்காமல் புல்லாங்குழலா கேட்கும்? மத்தியானச் சாப்பாட்டைப் பாதியாக்குங்கள். கிராம்பு வாசனை வருகிறதென்றால் கடைவாய்ப் பல்லில் சொத்தை, மருமகனிடம் சொல்லிக் காட்டுங்கள். உங்களுக்கு அந்த வீட்டு ஞாபகம், அவ்வளவுதான். அந்த நாற்காலியில் நீங்கள் தூங்கும்போதுகூட மோதிர விரல் கைப்பிடியை டக், டக் என்று தட்டிக்கொண்டே இருக்கும், தட்டல் நின்றால் நீங்கள் விழித்துவிட்டீர்கள் என்று அக்கா டீ போடப் போவாள், எனக்கு மறந்துவிட்டதா என்ன?

அந்த வீட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். குடிவைத்திருக்கிற பல் டாக்டர் தங்கமான மனுஷன். தனி ஆள். முன்பக்க அறையில் கிளினிக், உள்ளே குடித்தனம். வாடகை சொன்ன தேதிக்கு வந்துவிடுகிறது. ஆணி அடிப்பதில்லை, சுவரில் சாய்வதில்லை. ஜன்னலோர நாற்காலியை இம்மியும் நகர்த்தக் கூடாது என்ற உங்கள் நிபந்தனையைச் சொன்னபோது, ஏன் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினார். பேச்சும் அப்படித்தான், அவர் பேசுவது அவருக்கே கேட்குமா என்பது சந்தேகம். கை இருக்கிறதே, அது பூ. எனக்கு ஒரு பல் பிடுங்கினார், பிடுங்கி முடித்துத் தட்டில் போட்டுக் காட்டின பிறகுதான் நான் "ஆரம்பிச்சிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். எதையும் அழுத்திச் செய்ய மாட்டார், கதவைக்கூடச் சாத்த மாட்டார், தூங்கவைப்பார். இந்தப் பூக்கையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் உயிரை வாங்கினது இதுதான்.

முன்பு இருந்த ஊரில் கிளினிக்கில் எவனோ புகுந்து மிரட்டிவிட்டுப் போனதிலிருந்து டாக்டர் லைசென்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வைத்திருக்கிறார். ஒருநாள் அதைத் துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி பட்டறைக்குக் கொண்டுவந்தார். "தோட்டா ஏற மாட்டேங்குதுங்க. பாதியிலேயே சிக்கிக்குது" என்றார். சிக்கின தோட்டாவைக் காட்டச் சொன்னால், எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, ஸ்பிரிட் போட்டுக் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறார்! நோயாளியைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக் கூட்டிவந்தால் வைத்தியன் எதைப் பார்ப்பான்? சரியென்று அக்கக்காகக் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் காட்டி, உங்கள் சட்டப்படியே அவர் கையாலேயே மேகசினில் தோட்டா நிரப்பவைத்து, அவர் கையாலேயே பிஸ்டல் மேல்புறத்து ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிடச் சொல்லி, மணல் பீப்பாயில் சுடச் சொன்னேன். அத்தனை தோட்டாவையும் மடமடவென்று தின்றுவிட்டு 'இன்னும் இருக்கா?' என்று வாயைப் பிளந்து நின்றது. டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் வந்து நிற்கிறார். "மறுபடியும் சிக்கிக்கிச்சு." மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று புது ஸ்பிரிங் போட்டேன். பட்டறையில் தின்றது, வீட்டில் தின்னவில்லை. மேகசின் வாய் விளிம்பு கொஞ்சம் விரிந்திருக்குமோ என்று இடுக்கியால் அணைத்தேன். பட்டறையில் தின்றது, வீட்டில் தின்னவில்லை. தோட்டா ஏறுகிற சரிவைக் கண்ணாடியாகத் தேய்த்துக் கொடுத்தேன், முகம் பார்த்துத் தலை வாரலாம். தோட்டாவையே மாற்றி வேறு கம்பெனி சரக்குக் கொடுத்தேன். வீட்டில் வாயைத் திறக்காத பிள்ளை பக்கத்து வீட்டில் தட்டை வழித்துத் தின்னுமே, அதே கதைதான். எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. உங்கள் தங்கை, "நீங்க சாப்பிடாம உக்காந்திருந்தா அது சாப்பிட்டுருமா?" என்று கேட்டாள். அவளுக்குக் கிண்டல். உங்கள் பெயர் போட்ட பலகையின் கீழே உட்கார்ந்திருக்கிற எனக்கல்லவா மானம் போகிறது! அப்போதே கடிதம் எழுதி உங்களைக் கேட்டிருக்க வேண்டும். நான்தான் வீம்புக்கு எழுதவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. ஒவ்வொரு தடவையும் மத்தியானத்தில்தான் சிக்கும், சாயங்காலம் கொண்டுவருவார். "டாக்டர், தினமும் மத்தியானத்துல அப்படி எதைச் சுடறீங்க? பெருச்சாளியா?" என்று கேட்டேன். "ஒரு சின்னத் தொந்தரவு" என்றார். "பெருச்சாளின்னா பொறி வைக்கலாமே, பிஸ்டல் எதுக்கு?" "பொறியில எல்லாம் விழாதுங்க" என்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆள் ஏற்கெனவே மெலிந்த தேகம், இப்போது சட்டை மட்டும் நடந்து வருகிற மாதிரி இருந்தார். கண்ணுக்குக் கீழே மை அப்பினதுபோல் கறுப்பு. பட்டறைக்குள் வந்தால் சுவரோரமாகத்தான் உட்காருகிறார். முதுகுக்குப் பின்னால் இடம் விடுவதில்லை.

இங்கே சரியாக ஓடி அங்கே ஓடாத சாமானை இங்கேயே வைத்து நோண்டாதே, அங்கே போய்ப் பார் என்பது நீங்கள் போட்ட சட்டம். போன வியாழக்கிழமை மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். உங்கள் சட்டத்தைக் காப்பாற்றப் போய்த்தான் நான் இதில் மாட்டிக்கொண்டேன் என்பதை இங்கேயே எழுதிவைக்கிறேன். டாக்டர் வாசலிலேயே காத்திருந்தார். வாயில் விரலை வைத்துக் காட்டினார். "இப்பதான் சிக்குச்சு. அப்படியே வெச்சிருக்கேன், தொடல" என்று சமையலறை மேடையைக் காட்டினார். அப்பாடா, முதல் தடவையாக நோயாளியைக் குளிப்பாட்டாமல் கண்ணில் காட்டினார்!

கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஸ்லைடு மூட ஒரு விரற்கடை மிச்சமிருக்கும்போதே நின்றுபோயிருந்தது. தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் பாதியில் நிற்கிறது. ஆனால் அத்தான், தோட்டா மூக்கில் மோதின வடு இல்லை. லேசாக ஒரு கீறல், அவ்வளவுதான். நீங்களாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பீர்கள், எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஸ்லைடை இழுத்து விட்டால் ஸ்பிரிங் வேகத்தில் 'டப்'பென்று அறைந்து தோட்டாவை உள்ளே தள்ளணும். இந்த மனுஷன் இழுத்துவிட்டு, கையை எடுக்காமல், கதவைத் தூங்கவைக்கிற மாதிரி மெதுவாக முன்னால் கொண்டுபோய் விட்டிருக்கிறார். வேகம் இல்லாவிட்டால் எப்படி ஏறும்? பாதி வழியில் 'கரக்'கென்று உரசி நின்றுவிடும். பட்டறையில் நான் பக்கத்தில் நின்று "விடுங்க, விடுங்க" என்று கத்துவதால் விட்டிருக்கிறார், தின்றிருக்கிறது. குற்றம் ஸ்பிரிங்கிலும் இல்லை, சரிவிலும் இல்லை, அந்தப் பூக்கையில் இருந்திருக்கிறது! எனக்கு வந்த சந்தோஷத்தில் மேடையைத் தட்டினேன், டாக்டர் பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் டாக்டர் மெதுவா விடறீங்க?"

"சத்தம் கேட்டா முழிச்சிடுவாரு."

"யாரு?"

அவர் கூடத்துப் பக்கம் மோவாயை நீட்டினார்.

பிறகு சமையலறைத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நானும் உட்கார்ந்தேன், மூட்டு பிடித்துக்கொண்டது வேறு விஷயம். மத்தியான வேளையில் கிளினிக்கைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால் ஜன்னலோர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம். முதுகுதான் தெரியுமாம். முன் கதவு பூட்டியிருக்கிறது, பின் கதவு தாழ் போட்டிருக்கிறது, ஜன்னலில் கம்பி இருக்கிறது. "யாருங்க?" என்று கூப்பிட்டாராம், திரும்பவில்லை. இந்தக் குரலில் கூப்பிட்டால் உயிருள்ளவனே திரும்ப மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. முதலில் சில நாள் வெளியே போய் நின்றிருக்கிறார். அப்புறம் ஒருநாள் அந்த முதுகு கொஞ்சம் திரும்பப் பார்த்ததாம். "அது திரும்பி என்னைப் பார்த்துட்டா நான் அவ்வளவுதாங்க. அதுக்கு முன்னாடி முடிச்சிடணும்" என்றார். அப்போதிலிருந்துதான் பிஸ்டலைக் கையில் எடுத்திருக்கிறார். பின்னால் போய் நின்று சத்தமில்லாமல் ஸ்லைடை விடுவார், பாதியில் 'கரக்'கென்று சிக்கும், நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி காலியாகக் கிடக்குமாம், சில நாள் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து உட்கார்ந்துவிடுவாராம். தினமும் இதே கூத்து.

"உயிருள்ள ஆளா இருந்தா நீங்க கம்பி எண்ணணும் டாக்டர்" என்றேன்.

"உயிருள்ள ஆளுன்னா எழுந்து கதவு வழியாத்தானே போகணும்? என் கண்ணெதிர்லயே இல்லாம போறாரே."

"பார்க்க எப்படி இருப்பாரு?"

"தலை நடுவுல வழுக்கை, சுத்தி வேலி மாதிரி முடி. ஒரு விரல் நாற்காலிக் கையைத் தட்டிக்கிட்டே இருக்கும். இடது காதுக்குப் பின்னாடி வெள்ளையா பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அது இப்ப ஒரு வாரமாத்தான்."

உங்களிடம் மறைப்பானேன், வழுக்கை, வேலி, விரல் என்று சொல்லச் சொல்ல உங்கள் பிடரி என் கண்முன் வந்து நின்றது. பட்டறையில் எத்தனை வருஷம் அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன்! பிளாஸ்திரி என்றதும்தான் மூச்சு வந்தது. உங்களுக்கு ஏது பிளாஸ்திரி? வழுக்கை ஊரில் நாலு பேரில் ஒருத்தருக்கு இருக்கிறது. அதோடு நீங்கள் உயிரோடு, சௌக்கியமாக, மகள் வீட்டில் இருக்கிறீர்கள், உயிரோடு இருக்கிறவருக்கு எப்படி ஆவி வரும்? வேண்டாததை யோசிக்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது. எழுந்து கூடத்தை எட்டிப் பார்த்தேன். வேலைக் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டேன், அந்தக் கண்ணாடியில் கைக்கெட்டின தூரத்துக்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம்தான். ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியும் அதன் மேல் கறுப்பாக ஏதோ ஒன்றும் தெரிந்தது. மடித்துப் போட்ட போர்வை என்று நினைத்தேன். போர்வைக்குத் தலை உண்டா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. டக், டக் என்று ஒரு சத்தம், நிற்கும், மறுபடி டக். வண்டு அரிக்கிறது, நாற்காலிக்கு மண்ணெண்ணெய் தடவணும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தேன். கிட்டே போனபோது போர்வை இல்லை. பிரம்பு குழிந்திருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே எழும்பி நேரானது. வெயிலுக்குப் பிரம்பு அப்படி வேலை காட்டும். கையை வைத்தேன், சுட்டது. அதுவும் வெயில்தான். அந்தப் பக்கம் வெயில் காலையில்தானே அடிக்கும் என்று உங்கள் தங்கை பிற்பாடு சொன்னாள், அவளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு எதிர்ப்பேச்சு.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர், கதவுக்குப் பின்னாலிருந்து.

"போர்வையை எடுத்தது நீங்கதானே?" என்றேன்.

அத்தான், டாக்டர் கிராம்புத் தைல வாசனையோடு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு அழுதார். நடு வயது மனுஷன், ஊர்ப்பட்ட பேரின் பல்லைப் பிடுங்கினவர், குழந்தை மாதிரி அழுதார். "நான் காலி பண்ணிடறேங்க, வேற வழி இல்லை" என்றார். எனக்குப் பகீரென்றது. இந்த வாடகை உங்களுக்குப் போனால்தான் மருமகன் கையை எதிர்பார்க்காமல் நிமிர்ந்து நடக்கலாம் என்று நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஆள் போய்விட்டால், பேய் வீடு என்று ஊர் பூராவும் டமாரம் அடித்துவிட்டால், பிறகு எவன் குடிவருவான்? எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நாற்காலியில் இருப்பது யாருமில்லை, எல்லாம் இவர் மண்டைக்குள் இருப்பது. பிஸ்டல் தினமும் சிக்குவதால்தான் பயம் தீராமல் வளர்ந்துகொண்டே போகிறது. ஒரே ஒரு தடவை ஒழுங்காகச் சுட்டு, காலி நாற்காலியில் ஓட்டை விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டால் பயம் தெளிந்து ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குவார். பிரம்புதானே, பின்னிக்கொள்ளலாம்.

"டாக்டர், ஒண்ணு கேக்கறேன். நோயாளிக்கு ஊசி போடும்போது மருந்தை அவன் கண்ணெதிர்லயா ஏத்துவீங்க?"

"சேச்சே, பயந்துடுவாங்க. உள்ளேயே ஏத்திட்டுத்தான் வருவேன்."

"அதேதான்! சமையலறைக்குள்ள போய் நல்லாக் கதவைச் சாத்திக்குங்க. அங்கேயே ஸ்லைடை இழுத்து, கையை எடுத்துடுங்க, டப்புனு போகட்டும், எவன் காதுக்கும் கேக்காது. ஏத்தினதைக் கையில வெச்சுக்கிட்டு அப்புறமா வாங்க. இங்க வந்து சிக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது."

அவர் முகத்தில் விளக்கு ஏற்றின மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை படித்தவருக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குக் கர்வமாகவும் இருந்தது. அங்கேயே நாலைந்து தடவை பழக்கிக் காட்டினேன். முதலில் பழைய வழக்கப்படி ஸ்லைடைத் தாலாட்டினார். "விடுங்க, பல் இல்ல டாக்டர் இது, இரும்பு!" என்று அதட்டினேன். கடைசியில் கையைச் சட்டென்று எடுக்கப் பழகிவிட்டார். டப், டப் என்று அழகாக ஏறியது. நேற்றும் முந்தாநேற்றும் நாற்காலிக்கு யாரும் வரவில்லையாம். ஆகவே தாங்கள் இதைப் படிக்கும் நேரம் உங்கள் வீட்டுத் தொந்தரவு ஒழிந்து, குடியிருப்பவர் நிலைத்து, பட்டறையின் பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று சந்தோஷத்துடன் தெரிவிக்கிறேன். மச்சினன் தேறிவிட்டான் என்று ஒரு வார்த்தை எழுதினால் குறைந்துபோக மாட்டீர்கள். நேற்றும் முந்தாநேற்றும் மத்தியானத்தில் நீங்கள் தூங்கினீர்களா என்று ஏனோ கேட்கத் தோன்றுகிறது. ஒன்றுமில்லை, சும்மா.

அக்காவுக்கு என் வணக்கம், மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் ஆசி, பேரப்பிள்ளைகளின் கன்னத்துக்குத் தனித்தனியே என் கிள்ளு. எல்லாரும் நீடூழி வாழ்ந்து எங்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும்.

தங்கள் சொல் தட்டாத மச்சினன்

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிடுங்கள். மத்தியானம் தூங்காதீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேரும்வரைக்கும் கண்டிப்பாகத் தூங்காதீர்கள். நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். உறையை ஒட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். உங்கள் தங்கை பேச்சுவாக்கில், "அண்ணனுக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்லையாம், அந்தக் கட்டி விண்ணுவிண்ணுனு தெறிச்சிருக்கு, இன்னிக்குத்தான் வலி விட்டிருக்காம், மத்தியானம் நல்லாத் தூங்கணும்னு சொன்னாராம்" என்றாள். "எந்தக் கட்டி?" என்றேன். "காதுக்குப் பின்னாடிதான். போன வாரமே கீறிப் பிளாஸ்திரி போட்டிருக்காங்கன்னு அண்ணி போன்ல சொன்னாங்கன்னு உங்ககிட்ட சொன்னேனே! பிஸ்டலைக் கட்டிக்கிட்டு அழற ஆளுக்கு எது காதுல விழுது?" என்றாள். "எந்தக் காது?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "இடது" என்றாள்.

தட்டில் கையை உதறிவிட்டு, செருப்புகூட இல்லாமல் பின் தெருவுக்கு ஓடினேன். டாக்டர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளில் அவர் முதுகுக்குப் பின்னால் இடம் விட்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முகம் தெளிந்திருந்தது. "சிக்கவே இல்லைங்க" என்றார். "நீங்க சொன்ன மாதிரியே உள்ளே ஏத்திட்டு வந்தேன். ஒரே தடவைதான்." உள்ளே போய் நாற்காலியைப் பார்த்தேன். வேலைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரம்பை இழை இழையாகப் பார்த்தேன். ஓட்டை இல்லை. ஜன்னல் சட்டத்தில் இல்லை, கம்பியில் இல்லை, சுவரில் இல்லை, தரையில் இல்லை. புகை வாசனை மட்டும் இருந்தது, சுட்ட தோட்டாவின் காலி உறை ஒன்று நாற்காலிக் காலடியில் கிடந்தது. "தோட்டா எங்க டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரோடயே போயிடுச்சு போல" என்றார்.

இப்போது பட்டறையில் உட்கார்ந்து உறையைப் பிரித்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குள் போன் அடித்தது, உங்கள் தங்கை எடுத்தாள். "ஏங்க, அண்ணி லைன்ல இருக்காங்க, ஒண்ணுமே பேச மாட்டேங்கறாங்க, உங்களைத்தான் கூப்பிடறாங்க" என்று கத்துகிறாள். வருகிறேன் வருகிறேன் என்று நானும் கத்திக்கொண்டிருக்கிறேன். பேனாவை வைத்தால் எழுந்து போக வேண்டும் அத்தான், அதனால் வைக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் படித்துக்கொண்டே இருங்கள். படித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?